எழில்மதி ஐஸ்பாய்

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே வாடகை வேன் வைத்து நிற்கிறவன் நான். பெயர் சின்னராசு. கல்யாணம், காதுகுத்து, ஆஸ்பத்திரி, கோர்ட்டு, எதற்குக் கூப்பிட்டாலும் போவேன். மன்னிப்புக் கேட்கப் போகவேண்டும், வண்டி வருமா என்று கேட்டு ஏறியது என் அனுபவத்தில் ஒருத்திதான்.

போன புரட்டாசி. மகாளய அமாவாசைக்கு முந்தின வாரம். விடிந்ததிலிருந்தே தூறல். சென்னை பஸ்ஸிலிருந்து இறங்கி, சக்கரம் வைத்த பெரிய பெட்டியை இழுத்துக்கொண்டு அவள் வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு களை இருக்குமே, அது பெட்டியில் இருந்தது, முகத்தில் இல்லை. வெள்ளிமலைப் பக்கம் போகணும் என்றாள். யாரைப் பார்க்க என்று கேட்டேன். என் வாய் சும்மா இருக்காது.

"எம்பொண்ணு கிட்ட மன்னிப்பு கேக்கணும்ண்ணே."

பெண்ணிடம் அம்மா மன்னிப்புக் கேட்கிற காலமும் வந்துவிட்டதா என்று சிரித்துக்கொண்டே பெட்டியைத் தூக்கிப் பின்னால் வைத்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

கச்சிராயபாளையம் வருவதற்குள் எல்லாம் சொல்லிவிட்டாள். பெயர் மணிமொழி. சொந்த ஊர் நைனார்பாளையம். புருஷன் குடித்தே போய்ச் சேர்ந்துவிட்டான். நர்ஸ் உதவியாளர் படிப்பு படித்திருந்ததால் இஸ்ரேலில் வேலை கிடைத்தது. ஹைஃபா என்ற ஊரில், ரிவ்கா என்கிற படுத்த படுக்கையான யூத அம்மாளைக் குளிப்பாட்டி, சோறூட்டி, கூடவே இருந்து பார்த்துக்கொள்ளும் வேலை. ஆறு வயது மகள் எழில்மதியை மலைமேல் டீக்கடை வைத்திருக்கும் அக்கா வீட்டில் விட்டுவிட்டுப் போனாள். இரண்டு வருஷம் கழித்து ஒரு மழை நாளில், வீட்டுக்குப் பின்னால் இருந்த வைக்கோல் போருக்குள் குழந்தையைப் பாம்பு கடித்துவிட்டது. அப்போது அந்த நாட்டில் சண்டை மூண்டு விமானங்கள் நின்றிருந்தன. ரிவ்காவும் சாகக் கிடந்தாள். பெற்ற பிள்ளையின் மேல் ஒரு கைப்பிடி மண் போடக்கூட மணிமொழியால் வரமுடியவில்லை. அதற்கும் இரண்டு வருஷம் கழித்து இப்போதுதான் வருகிறாள்.

நான் கண்ணாடியில் அவளைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

அந்த ஊர் வருஷப் பிறப்புக்கு முந்தின ஒரு மாதமும் யூதர்களுக்கு மன்னிப்புக் கேட்கிற மாதமாம். நம் மகாளய அமாவாசை வருகிற நேரத்தில்தான் அவர்கள் புது வருஷமும் பெரும்பாலும் பிறக்குமாம். அந்த மாதம் காலையில் கோவிலில் ஆட்டுக்கடா கொம்பை ஊதுவார்கள். நீளமாக ஒரு தடவை, அப்புறம் விட்டு விட்டு, விசும்புகிற மாதிரி. அதைக் கேட்டால் தனக்கு மகள் அழுவது போலவே இருக்கும் என்றாள். அக்கம்பக்கத்தில், ஆபீஸில், போனில், எல்லோரும் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருப்பார்களாம். நம் ஊரில் இப்படி ஒரு மாதம் வைத்தால் பாதிப் பேர் ஊரைக் காலி செய்துவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன், சொல்லவில்லை.

"சாமிக்கு செஞ்ச தப்பதான் சாமி மன்னிக்குமாம்ண்ணே. மனுசனுக்கு செஞ்சத அந்த மனுசன்தான் மன்னிக்கணுமாம். ரிவ்காம்மா சொன்னாங்க."

"செத்துப் போயிருந்தா?"

"பத்து பேர கூட்டிகினு சமாதிக்கு போவணும். செருப்பு போடக்கூடாது. செஞ்ச தப்ப வாய்வுட்டு சொல்லணும். பத்து பேரும் மூணு தடவ மன்னிச்சாச்சுன்னு சொல்லணும்."

கோமுகி அணையைத் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் மூடுபனி வந்து கண்ணாடியில் அப்பியது. பகல் பதினொரு மணிக்கு விளக்கு போட்டு ஓட்டினேன். வளைவுக்கு வளைவு ஹார்ன் அடித்தேன். ஒவ்வொரு ஹார்னுக்கும் அவள் உடம்பு தூக்கிப் போட்டது. எதற்கு என்று அப்போது தெரியவில்லை.

டீக்கடை ரோட்டோரம் இருந்தது, பின்னாலேயே வீடு. அக்கா இருசம்மாள் கடையில் நின்று டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். தங்கையைப் பார்த்தாள். வா என்று சொல்லவில்லை. கழுவின டம்ளரையே திரும்பக் கழுவினாள். அவள் புருஷன் மாயவன்தான் பெட்டியை வாங்கி உள்ளே வைத்தார். என்ன விஷயம் என்று அவரே என் காதில் சொன்னார். குழந்தை இறந்த அன்று மணிமொழி போனில், எம்பொண்ண நீதான்டி கொன்னுட்ட என்று அக்காவிடம் கத்தியிருக்கிறாள். அதற்குப் பிறகு இருவரும் பேசவில்லை. இருசம்மாள் அந்த வார்த்தையை நம்பிவிட்டாள். நாம் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை, நாம்தான் கொன்றோம் என்று. இரண்டு வருஷமாக அவள் கடையைத் தாண்டி எங்கும் போனதில்லையாம்.

மாயவன் பக்கத்துக் காட்டில் மரவள்ளிக்கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தவர்களைக் கூப்பிட்டு வந்தார். கைகால் எல்லாம் செம்மண்ணோடு ஆணும் பெண்ணுமாக வந்து நின்றார்கள். எண்ணிப் பார்த்ததில் பத்துக்கு ஒரு ஆள் குறைந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் செருப்பைக் கழற்றினேன்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு பலாமரம். அதன் அடியில் சின்னதாக ஒரு மேடு, சுற்றிலும் கல். இத்தனை சின்ன மேட்டைப் பார்க்க யாருக்கும் மனசு வராது. அதற்கு அந்தப் பக்கம், மழையில் கறுத்துப்போய் ஒரு வைக்கோல் போர். பழைய போரை அன்றைக்கே கொளுத்திவிட்டார்களாம். ஆனால் மாட்டுக்குத் தீனி வேண்டுமே, அதே இடத்தில் வேறு போட்டிருந்தார்கள். மூடுபனியில் அது இருப்பதும் இல்லாததுமாகத் தெரிந்தது. ஈர வைக்கோல் வாசனை மூக்கில் ஏறியது.

இருசம்மாள் புழக்கடை வாசலிலேயே நின்றுகொண்டாள்.

மணிமொழி யூதர் வழக்கப்படி மேட்டின் மேல் ஒரு கூழாங்கல்லை வைத்தாள். பிறகு போனை எடுத்து எதையோ அழுத்தினாள். ஹைஃபாவில் பதிவு செய்து வைத்திருந்த கொம்புச் சத்தம். நீளமாக ஒன்று. அப்புறம் விட்டு விட்டு. அந்த மலையில், அந்தப் பனியில், அது மிருகமும் இல்லாமல் மனுஷனும் இல்லாமல் அழுதது. மாயவன் அது என்ன, எதற்கு என்று கேட்டார்.

"தூங்குறவங்கள எழுப்புறதுக்கு மாமா."

சமாதியில் வைத்து அப்படி ஒரு வார்த்தையைச் சொல்லலாமா? எனக்கு முதுகில் ஈரத்துணி விழுந்த மாதிரி இருந்தது.

அவள் கையைக் கூப்பிக்கொண்டு பேச ஆரம்பித்தாள். பொங்கலுக்கு வரேன்னு சொல்லி ரெண்டு பொங்கலுக்கும் வரலையே, மன்னிச்சிடு கண்ணு என்றாள். நீ போன் பண்ணும்போதெல்லாம் வேலை இருக்குதுன்னு வச்சனே, மன்னிச்சிடு என்றாள். உன் முகத்தைக் கடைசியா பாக்க வரலையே என்றாள். கிழங்கு பிடுங்க வந்த பெண்கள் எல்லோரும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

நாங்கள் சொன்னோம். "மன்னிச்சாச்சு."

இரண்டாம் தடவையும் சொன்னோம்.

மூன்றாம் தடவை சொல்லி முடித்து எல்லோரும் வாயை மூடின பிறகு, வைக்கோல் போருக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது.

அழுகை இல்லை. பேச்சு இல்லை.

சிரிப்பை அடக்குகிற சத்தம்.

மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டு, அப்படியும் அடங்காமல் கிளம்புமே, குழந்தைகள் ஒளிந்திருக்கும்போது வருமே, அந்தச் சத்தம்.

கிழங்குக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். யாரோ ஒரு பெண், "கோழியாட்டம் கீது" என்றாள். அவள் குரலே அதை நம்பவில்லை. ஒவ்வொருவராகப் பின்னுக்கு நகர்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் மாயவனும் நானும்தான் மிச்சம். எனக்குத் தைரியம் என்று நினைத்துவிடாதீர்கள், கால் வரவில்லை.

மணிமொழி மட்டும் பயப்படவில்லை. அவள் முகம் பிளந்துவிட்டது. அப்படித்தான் சொல்லவேண்டும். மேட்டிலிருந்து எழுந்து அக்காவைப் பார்த்துத் திரும்பினாள்.

"அக்கா, நான் இன்னும் உண்மைய சொல்லல. நான்தான் அவள ஒளிய சொன்னேன்."

இருசம்மாளுக்குப் புரியவில்லை. எங்களுக்கும்தான்.

போகிற அன்று குழந்தை விடமாட்டேன் என்று புடவையைப் பிடித்துக்கொண்டதாம். முன்னால் ரோட்டில் வண்டிக்காரன் ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தானாம். விமானத்துக்கு நேரமாகிவிட்டது. அப்போது மணிமொழிக்கு ஒரு யோசனை தோன்றியது. வா, ஐஸ்பாய் விளையாடலாம் என்றாள். குழந்தைக்கு அந்த ஆட்டம் தெரியாது. அன்றைக்குத்தான் சொல்லிக் கொடுத்தாள். அம்மா பலாமரத்தில் கண்ணைப் பொத்திக்கொண்டு இருபது வரை எண்ணுவேன், நீ போய் ஒளிஞ்சிக்கணும். அம்மா வந்து கண்டுபிடித்து, எழில்மதி ஐஸ்பாய் என்று சொல்கிற வரைக்கும் சத்தமே போடக்கூடாது. மாட்டிக்கொண்டால் அடுத்து நீ எண்ணவேண்டும். குழந்தை குதித்துக்கொண்டு ஓடி வைக்கோல் போருக்குள் நுழைந்தது. மணிமொழி சத்தமாக இருபது வரை எண்ணினாள். வரலாமா என்று கேட்டாள். உள்ளிருந்து அடக்கின சிரிப்புச் சத்தம் கேட்டது. அவள் அப்படியே வீட்டைச் சுற்றி ஓடி வண்டியில் ஏறினாள்.

"நீ அப்ப கடையில இல்ல. டீ குடிக்க ஒக்காந்திருந்தவங்க எல்லாரும் பாத்தாங்க. வாயில வெரல வச்சி, சொல்லாதீங்கன்னு ஜாடை காட்டிட்டு போயிட்டேன்க்கா."

அன்று சாயந்திரம் வரை குழந்தை வெளியே வரவில்லை என்பது இருசம்மாளுக்கு நினைவு வந்தது. அதற்குப் பிறகு ரோட்டில் எந்த ஹார்ன் கேட்டாலும் அது ஓடிப்போய் வைக்கோல் போரில் ஒளிந்துகொள்ளும். புது ஆட்களைக் கண்டு கூச்சம் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். எத்தனை கேட்டாலும் காரணம் சொல்லாதாம். கடைசி நாளும் கிழங்கு லாரி ஹார்ன் அடித்துக்கொண்டு வந்தது. தேடிக் கண்டுபிடித்தபோது காலில் கடிவாய் இருந்தது. கத்தியிருந்தால் கடைக்குக் கேட்டிருக்கும். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கலாம். கத்தவில்லை. இரண்டு கையாலும் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டிருந்ததாம்.

"ஏன் கத்தலன்னு ரெண்டு வருசமா கேட்டுகினு இருந்தேன்டி" என்றாள் இருசம்மாள். "நான்தான் கொன்னேன்னு நெனச்சிகினு இருந்தேன்டி."

மணிமொழி நெடுஞ்சாண்கிடையாக அக்காவின் காலில் விழுந்தாள். இருசம்மாள் அவளைத் தூக்கவும் இல்லை, உதறவும் இல்லை. பனிக்குள் அந்தப் போரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு மெல்லச் சொன்னாள். "போ. போயி கண்டுபுடி."

மணிமொழி எழுந்தாள். வெறுங்காலோடு சேற்றில் நடந்து போரின் முன்னால் போய் நின்றாள். சிரிப்புச் சத்தம் நின்றிருந்தது. இப்போது மூச்சு மட்டும். சின்ன நெஞ்சிலிருந்து வேகமாக வருகிற மூச்சு. என் காதால் கேட்டேன்.

"எழில்மதி ஐஸ்பாய்."

மூச்சு நின்றது.

போரின் அடியில் வைக்கோல் விலகியது. உள்ளே இருட்டுதான் இருந்தது. ஆனால் அந்த இருட்டு வெளியே வந்து எங்களைத் தாண்டிப் போனதை நான் உணர்ந்தேன். இடுப்பு உயரத்தில் சில்லென்று ஒன்று. வைக்கோல் வாசனை.

அப்புறம் பலாமரத்தின் பின்னாலிருந்து.

"ஒன்னு... ரெண்டு... மூணு..."

மாயவன் என் கையைப் பிடித்தார்.

"பன்னண்டு... பதிமூணு... பதினாலு... பதினாறு..."

இருசம்மாள் முந்தானையைக் கடித்துக்கொண்டு அழுதாள். "அவதான். பதினஞ்ச எப்பவும் வுட்டுடுவா."

"ஒளிஞ்சிக்கோடி மணி" என்றாள் அடுத்து, ஏதோ நிஜமாகவே குழந்தைகள் விளையாடுகிற மாதிரி.

மணிமொழி தலையாட்டினாள். "இல்லக்கா. அவ தேட வேணாம். நான் இங்கயே ஒக்கார்றேன்." மேட்டின் பக்கத்தில், நாலு பக்கமும் தெரிகிற மாதிரி சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

இருபது வந்தது. பிறகு, "வரலாமா?"

"வா கண்ணு" என்றாள் அம்மா. கையை விரித்துக்கொண்டாள்.

ஈரச் சருகின்மேல் சின்னக் கால்கள் ஓடின. அவளை நோக்கி இல்லை. வீட்டைச் சுற்றிக்கொண்டு, முன்பக்கம்.

"வூட்டுக்குள்ள தேடுறா" என்று மணிமொழி சொன்னாள். அன்றைக்கு முதல் தடவையாக அவள் சிரித்தாள். "வரட்டும். மெதுவா வரட்டும்."

அதற்கு மேல் நான் அங்கே நிற்கவில்லை. மாயவன் டீ குடித்துவிட்டுப் போகச் சொன்னார், மறுத்துவிட்டேன். திரும்பிப் பார்த்தபோது இருசம்மாளும் தங்கையின் பக்கத்தில் போய் உட்கார்ந்திருந்தாள். தூறலுக்குத் தன் முந்தானையை விரித்து இருவர் தலைக்குமாகப் பிடித்திருந்தாள். மன்னித்தாளா என்று எனக்குத் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்தாள், அவ்வளவுதான்.

செருப்பை மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்தேன். இறங்கும்போதுதான் அந்த வாசனை வந்தது.

ஈர வைக்கோல்.

என் உடம்பில் ஒட்டியது என்று நினைத்து ஜன்னலைத் திறந்துவிட்டேன். போகவில்லை. கோமுகி அணை வந்ததும் ஓரங்கட்டி, பின்னால் போய்ப் பார்த்தேன். சீட்டில் யாரும் இல்லை. சீட்டுக்கு அடியில் நாலு வைக்கோல் தாள் கிடந்தன. பின் கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. அதில் இரண்டு சின்ன உள்ளங்கைகள் பதிந்திருந்தன.

உள்பக்கம்.

அங்கேயே, அணையின் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தக் குழந்தைக்கு ஆட்டத்தைச் சொல்லிக் கொடுத்தது அம்மா. எண்ணுகிறவர் எண்ணி முடித்ததும் என்ன செய்யவேண்டும் என்பதை அது வைக்கோல் இடுக்கு வழியாக அம்மாவைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டது. இருபது வரை எண்ணவேண்டும். வரலாமா என்று கேட்கவேண்டும். வீட்டைச் சுற்றி ஓடிப்போய் வண்டி ஏறிவிடவேண்டும்.

அது கோபத்தில் செய்யவில்லை. எனக்கு நிச்சயமாகத் தெரியும். சொல்லிக் கொடுத்தபடி செய்தது.

என்னால் முடிந்ததைச் செய்து பார்த்தேன். சவாரி இல்லாத நாட்களில் வண்டியை மலைக்கு ஓட்டிக்கொண்டு போனேன். ஏற ஆரம்பித்ததும் வாசனை நின்றுவிடும். மேலே போய்ச் சேரும்போது வண்டி வெறும் வண்டியாக இருக்கும். இறங்குகையில், அணைக்குப் பக்கத்தில், திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும். சில நாள் எண்ணுகிற குரல் கேட்கும். பதினாலுக்குப் பிறகு பதினாறு.

மணிமொழி திரும்பிப் போகவில்லை. ரிவ்கா சொன்ன கணக்குப்படி அந்த மாதம் முடிந்து, பத்து நாளில் வானத்தின் கதவைச் சாத்திவிடுவார்களாம். அதற்குள் மகள் வந்துவிடுவாள் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கதவு சாத்தியாகிவிட்டது. ஐப்பசி மழையும் முடிந்துவிட்டது. அவள் இன்னும் பலாமரத்தடியில்தான் உட்கார்ந்திருக்கிறாள் என்று மாயவன் சொல்கிறார். ரோட்டில் எந்த ஹார்ன் கேட்டாலும் நிமிர்ந்து, கையை விரித்துக்கொள்கிறாளாம். இருசம்மாள்தான் சோறு கொண்டுபோய் ஊட்டுகிறாள்.

நேற்று சாயந்திரம் பஸ் ஸ்டாண்டில் சவாரிக்காக வண்டிக்குள் உட்கார்ந்திருந்தபோது போன் வந்தது. மணிமொழி. குரல் தேய்ந்துபோயிருந்தது.

"அண்ணே, எண்ணி முடிச்சி எவ்ளோ நாள் ஆச்சு. இன்னும் என்னைக் கண்டுபுடிக்கல. வூடு பூரா தேடிட்டேன். ஒருவேள அன்னிக்கி உங்க வண்டியில ஏறிட்டாளாண்ணே? நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. உங்க வண்டியில யாருனா இருக்காங்களா?"

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

என் காதுக்குப் பக்கத்தில், பின் சீட்டிலிருந்து எட்டி, ஈர வைக்கோல் வாசனையோடு ஒரு மூச்சு பட்டது.

"சொல்லாதீங்க."